நோரீன் அவர் காதில் என்ன சொன்னாள்

மே 2, வெள்ளி

திருமதி பாவ்லக்கின் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு சீப்பும் இரண்டு சட்டைப் பொத்தான்களும் ஒரு பொய்ப்பல்லும் எடுத்தேன். பல் யாருடையது என்று அவளுக்கும் தெரியவில்லை. திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன், பெல்ட் நன்றாக இருக்கிறது, உள்ளேதான் ஏதோ சுற்றுகிறது என்று. முப்பத்தெட்டு வருட ரிப்பேர் வேலையில் இந்தக் காதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

நோரீன் காலை ஐந்துக்கே ஏரிக்கரைக்குப் போய்விட்டாள். மே மாதம் பிறந்தால் எனக்கு மனைவி கிடையாது. தெற்குக் காற்று அடித்தால் குருவி வரும், குருவி வந்தால் நோரீன் போவாள். ஈரி ஏரியைத் தாண்டுவதற்கு முன்னால் அதுகள் நம் கரை மரங்களில் இறங்கி மூச்சு வாங்குமாம். ஊரெல்லாம் தொலைநோக்கியும் கழுத்துமாக ஆட்கள். காப்பி குடிக்க ஒரு நாற்காலி கிடைப்பதில்லை.

மே 3, சனி

புழு வாங்கத் தூண்டில் கடைக்குப் போனேன். கடைக்கார யூஜின் தலையைச் சொறிந்தான்.

"வெண்டல், உன்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு தெரியலடா."

இப்படி ஆரம்பிக்கிறவன் சொல்லாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. "சொல்லித் தொலை" என்றேன்.

"ஏரிக்கரைப் பலகைப் பாதையில உன் பொண்டாட்டியப் பாத்தேன். அந்தத் தொப்பிக்காரன் ரோலண்ட் இருக்கான்ல, அவன் காதுல குசுகுசுன்னு ஏதோ சொல்றா. அவன் சிரிக்கிறான். மறுபடி சொல்றா. மறுபடி சிரிக்கிறான்."

"பறவையப் பத்தி இருக்கும்."

"அதை எதுக்குடா காதுல சொல்லணும்? பறவை கோவிச்சுக்குமா?"

புழு வாங்காமலே வந்துவிட்டேன்.

ரோலண்ட் பறவைச் சங்கத் தலைவர். எழுபத்தொரு வயது. ஆறடி உயரம், பச்சைத் தொப்பி, மனைவி இறந்து நாலு வருடம். ஒரே நாளில் யார் அதிக வகைப் பறவைகளைக் கண்டுபிடிப்பது என்ற சங்கப் போட்டியில் பதினொரு வருடமாக அவர்தான் முதல். இந்த வருடம் அவருக்கு ஜோடி நோரீன். ஜோடி என்பது அவர்கள் வைத்த பெயர். நான் சொல்லவில்லை.

மே 4, ஞாயிறு

சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன், "ரோலண்ட் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்."

அவ்வளவுதான். முப்பத்து மூன்று வருடக் கல்யாணத்தில் நோரீன் எந்த விஷயத்தையும் இரண்டு வார்த்தையில் முடித்தது கிடையாது.

மே 6, செவ்வாய்

எனக்குச் சந்தேகமெல்லாம் இல்லை. மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். ஏரிக்கரையிலும் நடக்கலாம்தானே?

மே 7, புதன்

நடந்தேன். ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று நோரீனைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் ஓடி வந்து, "என்ன பாக்குறீங்க? என்ன பாக்குறீங்க?" என்று கேட்டாள். என்ன சொல்வது? "பழுப்பா ஒண்ணு" என்றேன். அரை நிமிடத்தில் பன்னிரண்டு பேர் கூடிவிட்டார்கள்.

"வால்ல வெள்ளை தெரிஞ்சுதா?"

"கொஞ்சம்."

"கண்ணைச் சுத்தி வளையம்?"

"இருந்திருக்கலாம்."

அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இதற்காக ஒன்பது மணி நேரம் கார் ஓட்டி வந்தாளாம். எதற்காக என்று எனக்கு இன்னும் தெரியாது.

அவள் தோளுக்கு மேலாக அப்போதுதான் பார்த்தேன். நோரீன் நுனிக்காலில் எம்பி நின்று, ரோலண்ட் தோளில் ஒரு கையை வைத்து, காதில் என்னவோ சொல்கிறாள். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். சிரிக்கிறார்.

இதில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அப்புறம் ஏன் அந்த மரத்தைவிட்டு ஒரு மணி நேரம் நகரவில்லை நான்?

மே 8, வியாழன்

முட்டையில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரை போட்டு முழுசும் தின்றேன். நோரீன் கவனிக்கவே இல்லை.

மே 10, சனி

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

யூஜினிடம் அவன் வாத்து வேட்டைச் சட்டையைக் கடன் வாங்கினேன். இலையும் சருகுமாய் அச்சிட்டது. "உள்ள போய் உக்காந்தா உன்ன ஒரு ஈ கூடக் கண்டுபிடிக்காது" என்றான். ஆறு மணிக்கே பலகைப் பாதைக்குக் கீழே நாணலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால்வரை சேறு. பேச்சு தெளிவாகக் கேட்கும் தூரம்.

அவர்கள் வந்தார்கள். என் தலைக்கு நேர் மேலே நின்றார்கள். நோரீன் எம்பினாள். எனக்கோ மூக்கில் கொசு புகுந்தது. தும்மலை அடக்கினேன். அது வேறு வழியாக வந்து, தொண்டைக்குள்ளிருந்து 'உங்க்' என்று ஒரு சத்தமாக வெளியேறியது.

"குருகு!" என்று யாரோ கத்தினார்கள். "நாணல்ல குருகு! கூப்பிடுது!"

நாற்பது பேர். நாற்பது தொலைநோக்கி. முக்காலியில் வைத்த பெரிய குழாய்கள் வேறு ஏழெட்டு, எல்லாம் என் முகத்தை நோக்கி. ஆடாமல் அசையாமல் இருந்தேன். குருகு என்பது நாணலில் ஒளியும் ஒரு கொக்கு வகை; அதுவும் அப்படித்தான் நிற்குமாம், கழுத்தை நீட்டிக்கொண்டு. இரண்டு நிமிடம் அவர்கள் என்னை அப்படியே நம்பினார்கள். ஒரு தாத்தா சொன்னார், "நல்ல பருமன். ஆணாத்தான் இருக்கும்."

அப்புறம் நோரீன் குரல் கேட்டது. "அய்யய்யோ. அது என் புருஷன்."

என்னைப் பிடித்து இழுக்கக் கீழே இறங்கினாள், கால் பிசகியது, சேற்றில் விழுந்தாள். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

மே 11, ஞாயிறு

எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். மூன்று வாரம் ஊன்றக் கூடாது. காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு நோரீன் என்னையே பார்த்தாள்.

"எதுக்குடா நாணலுக்குள்ள போன?"

சொல்லிவிட்டேன். காது, குசுகுசு, சிரிப்பு, யூஜின், எல்லாவற்றையும். அவள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கால் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"அவருக்குக் காது கேக்கல, மடையா. பேசினா கேக்கும். குருவிங்க உச்சத்துல கீச்சுனு கத்துமே, அது மட்டும் கேக்கல. மூணு வருஷமாவே. யாருக்கும் தெரியாது. எது பாடுதுன்னு நான் காதுல சொல்றேன். அவர் கண்ண மூடி, பழைய ஞாபகத்துல அதக் கேக்குறார்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன். நீ கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப நாணல்தானே வழி?"

காப்பிக் கோப்பையை எறியப் பார்த்தாள். எறியவில்லை.

மே 13, செவ்வாய்

ருபார்ப் என்னும் புளிப்புத் தண்டில் தானே சுட்ட பணியாரத்தோடு ரோலண்ட் வந்தார். அடி கருகியிருந்தது. எனக்கு விஷயம் தெரியும் என்று நோரீன் போனிலேயே அவரிடம் சொல்லியிருந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். தொப்பி இல்லாமல் அவர் ஆறடி இல்லை, ஐந்தே முக்கால்தான்.

"சனிக்கிழமைப் போட்டியில நான் இல்லை, நோரீன். இந்தக் காதோட தனியாப் போய் என்ன பண்றது?"

"வெண்டலக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் நோரீன்.

"என்னது?" என்றோம் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"இவனுக்குக் காக்காயத் தவிர ஒரு பறவை தெரியாது. ஆனா பக்கத்துத் தெருவுல ஃபிரிட்ஜ் முனகினாக்கூட என்ன வியாதின்னு சொல்லிடுவான். சத்தத்தை இவன் சொல்லட்டும். பேர நீங்க சொல்லுங்க."

ரோலண்ட் என்னைப் பார்த்தார். "நீங்க வருவீங்களா?"

இந்த மனுஷனை நான் என்னவெல்லாம் நினைத்தேன்! எப்படி வரமாட்டேன் என்பது?

மே 17, சனி

கால் இரண்டும் போச்சு. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

விடியலில் ஆரம்பித்தோம். முதல் ஒரு மணி நேரம் எங்கும் சத்தம், ஒரே பட்டறை. மெல்ல ஒவ்வொன்றாய்ப் பிரித்தேன்.

"இடது பக்கம் உச்சில. ஒரே சுருதியில டிக் டிக் டிக்குனு பெருசாகி, அப்படியே அடங்குது. குழாய்ல காத்து அடைச்சா வருமே, அது."

"கருந்தொப்பிக் கதிர்க்குருவி!"

"இது ரெண்டு சுத்து நல்லாத்தான் போகுது. கடைசில மேல ஏறி ஏறிக் காதுக்கே எட்டாமப் போயிடுது. பேரிங் தேஞ்சுபோச்சு. ஒரு வாரம் தாங்காது."

அவர் என் கையை இறுகப் பிடித்தார். "நெருப்புத்தொண்டை. எங்க? எந்தப் பக்கம்?"

காட்டினேன். பிடிவாதமாக எனக்கும் தொலைநோக்கியைக் கொடுத்தார். ரொட்டி வாட்டும் கருவியில் கம்பி மெல்லச் சிவந்து வருமே, தொண்டை முழுக்க அந்த நிறம். என் கட்டை விரல் அளவுதான் உயிர். வாயைத் திறந்து, உடம்பெல்லாம் குலுங்கக் கத்துகிறது. பக்கத்தில் நிற்கிற மனிதர் காதில் அதில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. அவர் குருவியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். சொன்னேன். முடிந்தவரை கீச்சிட்டும் காட்டினேன். பாதையில் போன இருவர் நின்று என்னையும் பறவைப் பட்டியலில் குறித்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு ஒரு மர்மம். "வீச்... வீச்... பின்னாலேயே வருது. நாம நின்னா அதுவும் நிக்குது." ரோலண்ட் புத்தகத்தையே புரட்டிவிட்டார். முகமெல்லாம் வெளுத்து, "இது இந்தப் பக்கமே வராத பறவையா இருக்கும்டா" என்றார். இருபது நிமிடம் கழித்துக் கண்டுபிடித்தேன், அது அவருடைய பூட்ஸ். நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தோம். அவர் என்னை 'டா' போட்டதை அப்போது இருவருமே கவனிக்கவில்லை.

சாயங்காலம் மொத்தம் நூற்று மூன்று. அடுத்தவர் தொண்ணூற்றெட்டு. பெர்ச் மீன் வறுவல் மணக்கிற சங்கக் கூடத்தில் எல்லோரும் கைதட்ட எழுந்தார்கள். ரோலண்ட் கையை உயர்த்தினார்.

"அதுல பதினாலை அடிச்சிடுங்க" என்றார். "ஒரு பறவைய ஜோடியில ரெண்டு பேரும் பாக்கணும், இல்ல கேக்கணும். அதுதானே விதி? அந்தப் பதினாலையும் வெண்டல் மட்டும்தான் கேட்டான். எனக்குக் கேக்கல. மூணு வருஷமாவே கேக்கல. போன மூணு வருஷக் கோப்பையையும் நாளைக்குக் கொண்டாந்து வச்சிடறேன்."

கைதட்ட எழுந்தவர்கள் அப்படியே உட்கார்ந்தார்கள். எனக்குத்தான் தெரியுமே, எதுவும் ஓடாத அறையின் சத்தம்.

நாலாம் இடம். முதல் பரிசு ஒரு பல் மருத்துவருக்கும் அவர் மனைவிக்கும்.

மே 18, ஞாயிறு

காலையிலிருந்து வாசலில் கிழவர்கள். ஒவ்வொருவரும் தனியாக, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வருகிறார்கள். "வெண்டல், யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கும் அந்தக் கருந்தொப்பி கத்தறது கேக்கல..." இதுவரை ஆறு பேர். என்னை 'நல்ல பருமன்' என்ற தாத்தாவும் அதில் ஒருவர். சங்கத்தில் பாதிப் பேர் இத்தனை வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

மே 20, செவ்வாய்

யூஜினிடம் சட்டையைத் துவைத்துக் கொடுத்தேன். "அப்ப காதல் கீதல் ஒண்ணும் இல்லயா?" என்றான். வருத்தமாகத்தான் இருந்தது அவனுக்கு.

மே 27, செவ்வாய்

ரோலண்டைக் காது மருத்துவரிடம் கூட்டிப் போனேன். கருவி வைத்தார்கள். வெளியே வந்ததும் வாகன நிறுத்தத்தில் நின்றுவிட்டார். ஒரு செடியில் எதுவோ கிரீச்சிட்டது. எனக்கு அது என்னவென்று தெரியும், இருந்தும் வாயைத் திறக்கவில்லை. அவரே பேரைச் சொன்னார். பிறகு கைக்குட்டையை எடுத்து ரொம்ப நேரம் மூக்கைச் சிந்தினார்.

இனி நான் அவருக்கு எதற்கு?

ஜூன் 1, ஞாயிறு

குருவிகள் அநேகமாகத் தாண்டிப் போய்விட்டன. கடைசியாய் ஒரு சுற்று. நோரீன் இன்றுதான் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். ஐந்தரைக்கு ரோலண்ட் வாசலில் காரின் ஒலிப்பானை அடித்தார். நான் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

"வெண்டல், வர்ற வழியெல்லாம் அந்த ஏரியோரத்து மஞ்சக் குருவி இன்னும் கத்திக்கிட்டே இருக்குடா" என்றார் ரோலண்ட்.

"அது ரெண்டு குருவி. ஒண்ணுக்கு பெல்ட் லூசு."

நோரீன் கார் கதவருகே கையை இடுப்பில் வைத்து நின்றாள். "அப்ப நான் எங்க உக்கார்றது?"

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். பின் இருக்கையில் முக்காலியும் சாப்பாட்டுக் கூடையும் இருந்தன. ரோலண்ட் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.