ஜிலேபிக்கு மட்டும் சொன்னது

ஜூன் 3, செவ்வாய்
டிரெய்லர் லாரியைக் கடைசியாக ஓட்டி ஐந்து மாதம் ஆகிறது. சாத்தாங்காட்டில் இரும்பு இறக்கப் போனபோது நான் ரிவர்ஸ் எடுத்ததில், பின்னால் நின்று வழி சொன்ன காலித்தின் கால் போனது. பதினெட்டு வருஷ தோஸ்து. இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

இன்றும் ஸ்டியரிங்கைத் தொட்டேன். கை வெடவெடவென்று நடுங்கியது. இறங்கிப் போய் டீ குடித்தேன். அதிலும் பாதி சட்டையில்தான்.

மனநல டாக்டரம்மா, "வெளிநாட்டுல குதிரையை வச்சே குணப்படுத்துறாங்க" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். என் மனைவி கெங்கம்மா அதையே பிடித்துக்கொண்டாள். "வண்ணாரப்பேட்டைல சாபிரான்னு ஒருத்தி கல்யாணக் குதிரை வச்சிகினு கீறா. பேசிட்டேன். நாளைக்கே போ."

நாற்பத்தாறு வயதில் குதிரை லத்தி அள்ளணுமாம். விளங்கிடும்.

ஜூன் 4
குதிரையின் பெயர் ஜிலேபி. வெள்ளை. பெண் பார்க்கப் போன அன்று என் மாமியார் பார்த்தாரே, அதே பார்வை.

கொட்டிலை விட்டு வெளியே நகர்த்தச் சொன்னாள் சாபிரா. பழக்கதோஷம், லாரி பாடியைத் தட்டுவது போல் அதன் பின்பக்கம் இரண்டு தட்டு தட்டி "ரைட்டே!" என்றேன். எங்கள் தொழிலில் ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் போ. ஜிலேபி போகவில்லை. என் கட்டைவிரல் மேல் ஏறி நின்றுகொண்டது.

"இன்னாண்ணே, டாரஸ் லாரின்னு நெனச்சிகினியா?" என்று சாபிரா சிரித்தாள்.

ஜூன் 5
விரல் வீக்கம். போகவில்லை.

ஜூன் 9
கெங்கம்மா விடவில்லை. போனேன். பிரஷ்ஷைக் கொடுத்து உடம்பைத் தேய்க்கச் சொன்னாள் சாபிரா. "பயந்துகினே தொட்டா அதுவும் பயப்படும். மூச்ச நல்லா வுட்டுட்டுத் தொடு."

குதிரையின் கழுத்து இவ்வளவு சூடாக இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. அரை மணி நேரம் தேய்த்தேன். கை நடுங்குகிறதா என்று பார்க்கவே மறந்துவிட்டேன்.

ஜூன் 17
லத்தி அள்ளினேன். சந்தோஷமாக இருந்தது. இதை வெளியே சொன்னால் யூனியனில் மானம் போய்விடும்.

ஜூன் 24
காலித் வீட்டிலிருந்து போன். எடுக்கவில்லை. கோழை.

ஜூன் 26
சாபிரா புல் வாங்கப் போயிருந்தாள். ஜிலேபியும் நானும்தான். சொல்லிவிட்டேன்.

போலீஸிலும் வீட்டிலும் நான் சொன்னது: காலித் இரண்டு தட்டு தட்டினான், அதனால்தான் எடுத்தேன். பொய். ஒரு தட்டுதான். எனக்கு நல்லாவே கேட்டுச்சு. இன்னும் ஒரு முழம் போவும்னு நெனச்சேன். இன்னா திமிரு எனக்கு! அவன் கால் போயி, பழியையும் அவன் மேலயே போட்டேனே — நான்லாம் மனுசனா?

ஜிலேபி காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. பிறகு வெல்லம் இருக்கிறதா என்று என் சட்டைப்பையில் மூக்கை விட்டுத் தேடியது. வெல்லம் இல்லை, அவ்வளவுதான் அதற்கு என் மேல் இருந்த புகார். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். மூக்குச்சளி பிடரியெல்லாம் ஒட்டிவிட்டது. அதைக் கழுவத் தனியாக ஒரு பக்கெட் தண்ணீர்.

ஜூன் 27
கெங்கம்மாவிடமும் சொன்னேன். இட்லியைத் தட்டில் வைத்தாள். "எனக்கு எதுக்குச் சொல்ற? அங்க போய்ச் சொல்லு." சட்னி வைக்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு
காலித் வீட்டுக்குப் போகும் வழியில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டு கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் மூன்று முறை திரும்பிவிட நினைத்தேன்.

காலித் கட்டிலில் உட்கார்ந்து செயற்கைக் காலை மாட்டிக்கொண்டிருந்தான். வாசலில் நின்றபடியே சொன்னேன். "நீ ஒண்ணுதான் தட்டுன மாமு. எனக்குக் கேட்டுச்சு."

"தட்டுனவனுக்குத் தெரியாதா?" என்றான் நிமிராமலே. "அத்த சொல்ல அஞ்சு மாசமா? ரிவர்ஸ்லயே வந்தியா?"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

"உன்ன உட்டுட்டேன்னு நெனைக்காத," என்றான். " நாளைக்கு போலீஸ் டேசனுக்கு வந்து இதையே சொல்லு."

ஜூன் 30
ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். லைசென்ஸ் போகலாம், கேஸ் என் மேல் திரும்பும் என்றார் ரைட்டர். திரும்பட்டும். வெளியே வந்ததும் காலித் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆறு படியும் இறங்கினான், ஒவ்வொரு படிக்கும் ஒரு கெட்டவார்த்தை சொல்லி.