நாற்பத்தெட்டு மணி நேரம்

ட்வின் ஃபால்ஸ்,
மே 11, ஞாயிறு

அன்புள்ள ஷானனுக்கு,

நானும் நம் குட்டி டெல்லாவும் சுகம். உன் குதிகால் கொப்புளம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். போன ஞாயிறு முகாம் போனில் பேச அவர்கள் கொடுத்த ஐந்து நிமிடத்தில் நீ "ஸ்கூல்ல இருந்து ஏதாவது சேதி வந்துதா?" என்று கேட்டாய். "இன்னும் இல்ல, வரும்" என்றேன். அது பொய். டெல்லா என் மடியில் உட்கார்ந்திருந்தாள், வேறு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் படித்துவிட்டு ராணுவப் பயிற்சியை விட்டு ஓடி வந்துவிடாதே.

முதலில் அந்தப் பள்ளியில் இடம் கொடுக்க நடத்திய குலுக்கலைப் பற்றிச் சொல்கிறேன். அன்றைக்கே வயிறு எரிந்துவிட்டது. எல்க்ஸ் கிளப்பிலிருந்து எண் பந்துகளை உருட்டும் பிங்கோ கூண்டை இரவல் வாங்கி வந்து பள்ளி ஹாலில் வைத்திருந்தார்கள். கிண்டர்கார்டனுக்கு இருபத்துநான்கு இடம் என்றுதானே நோட்டீசில் போட்டிருந்தார்கள்? ஹாலில் உட்கார்ந்த பிறகு சொல்கிறார்கள், பதினாறு இடம் ஏற்கெனவே போய்விட்டதாம். மூன்று வயதிலேயே அங்கே சேர்ந்த பிள்ளைகள் அப்படியே மேலே வருகிறார்கள். அரசாங்கப் பணம் ஐந்து வயதில்தான் தொடங்குகிறது, அதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குப் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டும். கட்ட முடிந்தவன் கட்டினான், அவன் பிள்ளைக்கு இடம் உறுதி. அண்ணன் அக்கா அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு ஐந்து, ஆசிரியர் பிள்ளைக்கு ஒன்று. மீதி இரண்டு. அந்த இரண்டுக்கு நூற்று முப்பத்தொரு பெயர்! நம் வரிப்பணத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளி, யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் கிடையாது, பரீட்சை கிடையாது என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தாத்தா, "கதவு தொறந்துதான் இருக்கு, உள்ள நிக்கத்தான் எடமில்ல" என்றார். சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது?

டெல்லாவின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவதாக வந்தது. அதுவரை உனக்குத் தெரியும், போன கடிதத்தில் எழுதினேன். தெரியாதது இதுதான். ஏப்ரல் நடுவில் மூன்று குடும்பங்கள் ஊர் மாறிப் போய்விட்டன. மூன்று இடம் காலியாயிற்று. நம் பிள்ளைக்கு இடம் வந்தது, ஷானன். உண்மையாகவே வந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை காலை ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்களாம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் "சம்மதம்" என்று பதில் போட வேண்டும், இல்லையென்றால் அடுத்த பெயருக்குப் போய்விடும். அது உன் முகவரிக்குப் போனது. உன் போன் உன் சார்ஜண்டின் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கிறது. வியாழக்கிழமை காலையில் இடம் போய்விட்டது. இடத்தோடு பட்டியலிலிருந்து டெல்லாவின் பெயரும் போய்விட்டது, ஏனென்றால் பதில் சொல்லாதவர்கள் வேண்டாம் என்று சொன்னதாகக் கணக்காம்.

இதெல்லாம் நானாக அடுத்த வாரம் விசாரிக்கப் போனபோதுதான் தெரிந்தது. அலுவலகத்தில் இருக்கும் மிஸஸ் ஓக்லியிடம், "ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா? டெல்லாவோட அம்மா நாட்டுக்காக சேத்துல உருண்டுக்கிட்டிருக்கா, அவகிட்ட மெயில் பார்த்தியான்னு கேக்குறீங்களே" என்று சத்தம் போட்டேன். அவர், விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார். ஐந்து வயதுப் பிள்ளை தானே சட்டை பட்டன் போடும்வரை அரை மணி நேரம் பொறுமையாகக் காத்திருப்பதுதான் இந்தப் பள்ளியின் மாண்டிசோரி முறை என்று நீதானே எனக்குச் சொன்னாய்? பிள்ளைக்குக் காட்டும் பொறுமையில் ஒரு துளியை அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குக் காட்டக் கூடாதா இவர்கள்?

விட மனசில்லை. வியாழன் மாலை பள்ளி நிர்வாகக் குழுக் கூட்டம், யார் வேண்டுமானாலும் மூன்று நிமிடம் பேசலாம். வேலை முடிந்து, சீஸ் ஃபேக்டரி பூட்ஸோடேயே போனேன். பேசினேன். குரல் நடுங்கவில்லை. ஒரு ஆள் கடிகாரத்தைப் பார்த்தார், அவரிடம், "பாருங்க சார், நல்லா பாருங்க, என் பொண்ணுக்குக் கொடுத்த நேரமும் இப்படித்தான் ஓடிச்சு" என்றேன். கை தட்டினார்கள். குழுத் தலைவியம்மா கடைசியில், இனிமேல் இடத்தைப் பறிப்பதற்கு முன் போனில் கூப்பிட வேண்டும், முதல் பெற்றோர் கிடைக்காவிட்டால் இரண்டாமவரை என்று விதியைத் திருத்தினார். அடுத்த வருடத்திலிருந்து. டெல்லாவுக்கு ஒன்றும் செய்ய முடியாது, உட்கார்ந்த பிள்ளையை எழுப்ப முடியாது என்றார்.

வெளியே வரும்போது மிஸஸ் ஓக்லி என்னைத் தாழ்வாரத்தில் ஓரமாகக் கூப்பிட்டார். எல்லார் முன்னாலும் காட்டவில்லை, அந்தப் பெருந்தன்மையை ஒப்புக்கொள்கிறேன். நம் விண்ணப்பத்தின் நகல் அவர் கையில் இருந்தது. முதல் பெற்றோர், உன் பெயர், உன் எண், உன் மின்னஞ்சல். இரண்டாம் பெற்றோர், வெறும் கட்டம். "இதுல ஒரு நம்பர் இருந்திருந்தா, மெயில் உங்களுக்கும் போயிருக்கும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உனக்கு நினைவிருக்கும். ஜனவரியில் நீ சமையலறை மேஜையில் அதை நிரப்பிக்கொண்டிருந்தாய். "காலின், உன் நம்பரையும் மெயிலையும் போடட்டுமா, நான் மார்ச்ல கெளம்பிடுவேனே" என்று கேட்டாய். நான் டிவியில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். "பீன்ஸை ஒரு கிண்ணத்துலேருந்து இன்னொரு கிண்ணத்துக்குக் கொட்டுறதுக்கு ஒரு ஸ்கூலாம்! அந்தத் தொல்லையில என்னை இழுக்காத" என்றேன். நீ இரண்டாம் தடவை கேட்கவில்லை. குழுவின் முன் மூன்று நிமிடம் சிங்கம் மாதிரி கர்ஜித்தவன் இவன்தான். வண்டியில் ஏறி அரை மணி நேரம் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் மேல் இருந்த கோபம் இன்னும் குறையவில்லை. அந்தப் பதினாறு இடமும் அநியாயம்தான், மெயில் ஒன்றைப் போட்டுவிட்டுக் கை கழுவியதும் அநியாயம்தான். ஆனால் அந்த வெறும் கட்டத்துக்காக நான் யாரிடம் போய்க் கத்துவது?

மறுநாள் ஃபேக்டரியில் பேக்கிங்கில் வேலை செய்யும் யெசெனியா எல்லாருக்கும் கான்ச்சா இனிப்பு ரொட்டி கொண்டு வந்திருந்தாள். அவள் பையன் மத்தேயோவுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதாம். "யாரோ பதிலே சொல்லலியாம் காலின், எங்க அதிர்ஷ்டம்!" என்றாள். அவளும் ஒற்றை ஆளாக வளர்க்கிறாள். நான் வாழ்த்துச் சொன்னேன். ரொட்டியை முழுதாகத் தின்றேன்.

டெல்லாவை நம் தெருமுனை அரசுப் பள்ளியில் பதிந்துவிட்டேன். இங்கும் நல்ல ஆசிரியைதான். அடுத்த வருடக் குலுக்கலுக்கு ஒன்றாம் வகுப்பு விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. கேட்ட கட்டத்தில் எல்லாம், கேட்காத ஓரத்திலும், என் நம்பரை எழுதினேன். மிஸஸ் ஓக்லி படித்துவிட்டு, போதும் என்றார்.

டெல்லாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பள்ளியைச் சுற்றிப் பார்க்க நீ அவளைக் கூட்டிப்போனாயே, அங்கே பிள்ளைகள் தரையில் சின்ன விரிப்பு விரித்து அதன்மேல் வேலை செய்வதைப் பார்த்தாளாம். தினமும் சாயங்காலம் குளியல் துண்டை ஹாலில் விரித்து, உன் அளவுக் கரண்டிகளைச் சின்னதிலிருந்து பெரிதாக அடுக்குகிறாள். முதல் நாள் தெரியாமல் மிதித்துவிட்டேன். "அப்பா, அது என் வேலை. சுத்திப் போங்க. அங்க போனா எல்லாரும் அப்படித்தான்" என்றாள்.

அவளிடம் எப்படிச் சொல்வது என்று எழுது. என்னை வாய்க்கு வந்தபடி திட்டியும் எழுது, உன் சார்ஜண்டிடம் புதிதாகக் கற்ற வார்த்தை ஏதாவது இருந்தால் அதையும் சேர். "பரவாயில்லை" என்று மட்டும் எழுதிவிடாதே, ஷானன். கடவுள் உன் கால்களைக் காக்கட்டும். நீ வரும்வரை நான் அந்தத் துண்டைச் சுற்றித்தான் நடப்பேன்.

உன்,
இரண்டாம் பெற்றோர்,
காலின்