படத்துக்குச் சிரித்த சிரிப்பு

இஞ்சாருங்கோ,

இன்று நானும் ஒரு செம்மஞ்சள் லைஃப் ஜாக்கெட் போட்டேன். ஈரப் பிளாஸ்டிக்கும் பூஞ்சணமும் சேர்ந்த நாற்றம். மகள் கழுத்துவரை இழுத்துப் பூட்டியபோது உங்கள் பழைய படம்தான் நினைவில் வந்தது. நீங்கள் போட்டிருந்ததும் இப்படித்தான் மணத்திருக்கும். படத்துக்கு மணம் இல்லாததால் எனக்கு அது இத்தனை காலமும் தெரியாது.

நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து நான் வீட்டைவிட்டு இறங்குவதில்லை என்று மகளுக்குக் கவலை. அதனால்தான் ஹேர்னிங்கிலிருந்து சில்க்கபோருக்குக் காரில் ஏற்றி வந்து, வாடகைக்கு ஒரு வள்ளம் எடுத்தாள். ஆறு ஏரிக்குள் போய் முடிந்துவிட்டது என்று நினைத்தால், மறுபக்கத்தால் வெளியே வந்து இன்னொரு ஏரிக்குள் நுழைகிறது. மரங்கள் தண்ணீர்வரை இறங்கி நிற்கின்றன. டெனிஷ்காரர் வானமலை என்று பெயர் வைத்திருக்கும் குன்றையும் பார்த்தேன். அதை மலை என்று சொல்ல நல்ல மனது வேண்டும். ஆனாலும் என்ன வடிவு! அப்படி நினைத்த உடனேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. அரை மணித்தியாலத் தூரம். ஒருநாளும் நீங்கள் எங்களை இங்கே கூட்டி வந்ததில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

எங்களை ஊரில் விட்டு நீங்கள் முதலில் தனியே இங்கே வந்தீர்கள். அந்தப் படம் ஊருக்கு வந்த நாட்களில் ஷெல் விழாத இரவு குறைவு. பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு பங்கருக்குள் ஓடுவேன். எங்களைக் கூப்பிடுவதற்கு எல்லாம் எழுதிக் கொடுத்தாயிற்று, அரசாங்கக் கந்தோரில் கிடக்கிறது, கொஞ்சம் பொறும் என்று நீங்கள் கடிதத்துக்குக் கடிதம் எழுதுவீர்கள். அப்படி ஒரு கடிதத்துக்குள்தான் படம் இருந்தது. ஏரி, வள்ளம், பல் முப்பத்திரண்டும் தெரிய நீங்கள். முன்னால் துடுப்போடு ஒரு வெள்ளைக்காரி.

உங்கள் தங்கச்சி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணை நல்லாத்தான் இருக்கிறார். உனக்குத்தான் பேப்பர் சரிவரேல்லை எண்டு கதை விடுறார்."

அன்றைக்கே உங்களுக்கு எழுதினேன்: "பேப்பரைச் சாட்டாதேங்கோ. எங்களைக் கூப்பிட விருப்பமில்லையெண்டால் நேர எழுதுங்கோ." பதிலில் நீங்கள் பிள்ளைகளின் இருமலைப் பற்றி மட்டும் விசாரித்திருந்தீர்கள்.

ஒருவழியாக நாங்கள் வந்து சேர்ந்தோம். வந்த புதிதில், அந்தப் பெண் உங்கள் மொழி வகுப்பு ரீச்சர், முழு வகுப்பையும் அவர்தான் கூட்டிப் போனவர் என்று சொன்னீர்கள்.

"எனக்கு நீந்தத் தெரியாது. பயத்தில நடுங்கிக்கொண்டிருந்தனான். நீர் யோசிப்பீர் எண்டுதான் படத்துக்குச் சிரிச்சனான்."

"படத்துக்குச் சிரிச்சாலும் சிரிப்புச் சிரிப்புத்தானே," என்றேன். வாய்க்குக் குறைவில்லை எனக்கு.

பிறகு ஒருநாள் தொலைக்காட்சியில் ஒரு செய்தி. அப்போது எனக்கு டெனிஷ் விளங்காது. நீங்கள் கதிரையிலிருந்து எழும்பி நின்று எனக்குச் சொன்னீர்கள்.

"எங்கட பேப்பருகளைத்தான் சொல்லுறாங்கள். மந்திரி சொல்லி வேணுமெண்டுதான் பாக்காமல் வைச்சிருந்தவங்களாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தீர்கள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்து நின்றீர்கள். நானோ சோறு அடிப்பிடிக்கப் போகுது என்று குசினிக்குள் போய்விட்டேன். சோறு அடிப்பிடிக்கவில்லை. அது விசாரணைக்குப் போய், பிறகு அரசாங்கமே விழுந்தது. கட்டின புருசனுடைய சொல்லை நம்ப எனக்கு ஒரு நாட்டின் அரசாங்கம் விழ வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அதை உங்களிடம் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கும் என்று இருந்துவிட்டேன்.

இன்று ஏரி நடுவில் வள்ளம் ஒருபக்கம் சரிந்தது. எனக்கும் நீந்தத் தெரியாது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, உங்களை நினைத்து அழுதேன். முன்னால் இருந்த மகள் அதைக் காணவில்லை. திரும்பி போனைத் தூக்கினாள்.

"அம்மா, சிரியுங்கோ. தம்பிக்கு அனுப்பவேணும். அவன் அங்க கனடாவில உங்களை நினைச்சே கவலைப்படுறான்."

சிரித்தேன். அவன் யோசிக்கக்கூடாதே.

கரைக்கு வருமுன்னே அவனுடைய பதில் வந்துவிட்டது. மகள் வாசித்தாள்: "அம்மா நல்ல சந்தோசமா இருக்கிறா போல."

போனை வாங்கிப் பார்த்தேன். செம்மஞ்சள் ஜாக்கெட், பின்னால் ஏரி, பல்லெல்லாம் தெரிய நான். உங்கள் படத்தில் இருந்த அதே சிரிப்பு. அன்றைக்கு அந்தச் சிரிப்பை அப்படியே நம்பினேன், உங்கள் சொல்லைத்தான் நம்பவில்லை.

ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். மணம் மட்டும் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்திருக்கிறது. இதை எழுதும்போதும் அதைத்தான் உடுத்தியிருக்கிறேன். கழற்ற மனமில்லை. நீங்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று கேட்கக் காத்திருந்தது இவ்வளவுதானே:

ஓமப்பா. நான் நம்புறன்.