செருப்பை எண்ணிய அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

அன்பு என்று வழக்கத்துக்காக எழுதிவிட்டேன். உண்மையில் கொதித்துப்போய்த்தான் உட்கார்ந்திருக்கிறேன். மாதம் தவறாமல் கல்லறைக்குப் பூ கொண்டுவந்தவள் ஏன் வரவில்லை என்று நினைத்திருப்பாய். வந்தால் சத்தம் போட்டுவிடுவேன். அக்கம்பக்கத்துக் கல்லறைக்கு வருகிறவர்கள் பயந்துபோவார்கள்.

முகாம் நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை மலையில் நடக்கக் கூட்டிப்போக முன்வரும் பெரியவர்களுக்கு நாம் இருவரும் கொடுத்த ஐந்து நாள் பயிற்சியை இப்போது நான் ஒருத்தியே கொடுக்கிறேன். இந்தத் தடவை பதினான்கு பேர். ஹோட்டல் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் பெண், ரிட்டயரான தபால்காரர், டீச்சர்கள் என்று கலந்து கட்டி வந்திருந்தார்கள். "அண்ணன் இருந்திருந்தா கிளாஸ் கலகலன்னு இருந்திருக்கும்லங்க?" என்று தபால்காரர் முதல் நாளே கேட்டார். இருந்திருக்கும். யாரையுமே ஃபெயிலாக்காத வாத்தியாரின் வகுப்பு கலகலப்பாகத்தானே இருக்கும்? சிரிக்கவைப்பது உன் வேலை, முறைப்பது என் வேலை என்று நீயே பிரித்துக்கொண்டாய். உனக்கு வசதியான பங்கீடு.

உன் மகள் ரூபியும் இந்த பேட்ச்சில் இருந்தாள். இருபத்தாறு வயதாகிறது. உன்னைப் போலவே எல்லாருக்கும் அவளைப் பிடித்துவிடுகிறது. அதனாலேயே அவளை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனித்தேன்.

நான்காம் நாள் வெள்ளகவிக்கு இறங்கினோம். ரூபிதான் லீடர். அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை என்பதால், எல்லையிலேயே கழற்றி வரிசையாக வைத்துவிட்டுப் போனோம். ரிசப்ஷன் பெண்ணிடம் மட்டும் நான் ரகசியமாகச் சொல்லியிருந்தேன்: செருப்பைப் பையில் போட்டுக்கொள், நாங்கள் கிளம்பும்போது ஒரு வீட்டில் உட்கார்ந்துகொள், நான் வந்து கூப்பிடுகிறேன் என்று.

திரும்பும்போது ரூபி எல்லையில் நின்று தரையைப் பார்த்தாள். ஒரு செருப்பும் மிச்சமில்லை. "எல்லாரும் வந்தாச்சு, கெளம்புவோம்" என்று விசில் ஊதினாள். ஒருவர் முகத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. தலையைத் தொட்டு எண்ணுங்கள் என்று மூன்று நாள் தொண்டை கிழியக் கத்தியிருந்தேன், அண்ணே. கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிட்டு, எல்லாரையும் நிறுத்தித் தலையை எண்ணச் சொன்னேன்; ரிசப்ஷன் பெண் இல்லை.

ரூபி திணறிப்போனாள். "செருப்பு மிச்சமில்லன்னா ஆள் மிச்சமில்லன்னு அப்பாதான அத்தை சொல்லிக் குடுத்தாங்க? வெரசா எண்ணிரலாம்னு சொல்வாங்களே" என்றாள்.

ஆமாம், நீதான் சொல்லிக்கொடுத்தாய். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். எத்தனை பேர் அந்தக் குறுக்குவழியை இன்னும் நம்பிக்கொண்டு பிள்ளைகளோடு மலையில் நடக்கிறார்களோ, உனக்கென்ன?

ரூபியை ஃபெயிலாக்கினேன். அன்று சாயங்காலமே மதினி என்னைப் பிடித்துக்கொண்டார். "தகப்பன் இல்லாத பிள்ளைய ஊரு முன்னாடி இப்படி அசிங்கப்படுத்தணுமா? அவுக இருந்தா செஞ்சிருப்பீகளா?"

"அவன் செஞ்சு வச்சதாலதான் மதினி இவ்வளவும்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அப்பா என்ன செஞ்சாங்க?" என்றாள் ரூபி.

சொன்னேன். பூம்பாறைக் கனகாவைப் பற்றிச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பிள்ளை. புதுச் செருப்பை நாய் தூக்கிப் போய்விடுமோ என்று பையில் வைத்துக்கொண்டவள். இதே வெள்ளகவியில் யார் வீட்டிலோ தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அவள் வருவதற்குள் நீ தரையைப் பார்த்து எண்ணிவிட்டு மற்ற பிள்ளைகளோடு மலை ஏறிவிட்டாய். உங்களைப் பிடிக்க அவள் மஞ்சு மூடிய பாதையில் தனியாக ஓடினாள், வழுக்கி விழுந்தாள், கணுக்கால் முறிந்தது. மேலே வட்டக்கானலில் பிள்ளைகளை வண்டியில் ஏற்றும்போதுதான் ஒரு ஆள் குறைவது உனக்குத் தெரிந்தது. சுமையோடு மேலே வந்த குதிரைக்காரர் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டுவராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவள் அம்மாவிடம் நீ என்ன சொன்னாய்? "நான் பக்கத்துலதாம்மா நின்னேன், கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள வழுக்கிட்டா" என்றாய். அப்படியே ரிப்போர்ட்டும் எழுதினாய்.

உன் அடக்கத்தன்று, ஒரு பிள்ளையைக்கூட வழியில் விட்டுவிட்டு வராத மனிதர் என்று ஒருத்தர் எழுந்து பேசினார். எல்லாரும் அழுதார்கள். நான் அழாததை மதினி இன்னும் மன்னிக்கவில்லை.

ரூபி மறுநாள் வெள்ளனே எழுந்து பூம்பாறை பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறாள். கனகாவின் அம்மா பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாராம். இவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லையாம். அதற்குப் பிறகு சொன்னாராம்: "பிள்ள அன்னைக்கே சொல்லிருச்சும்மா. கூட யாருமே இல்ல, கத்துனேன், யாருக்கும் கேக்கலன்னு அழுதுச்சு. ஒங்க ஆளுகள்ல ஒருத்தராச்சும் வந்து நெசத்தச் சொல்லுவாகளான்னுதான் பாத்துக்கிட்டு கெடந்தோம். ஒங்கப்பா சாவுக்கு நாங்க வரல பாத்தியா, அதுக்குத்தான்."

அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும், அண்ணே. நீ பழத்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் நலம் விசாரித்தபோதெல்லாம் தெரியும். நீ பேசப் பேச அந்த அம்மா சும்மா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கால் குளிரில் இன்னும் வலிக்கிறதாம். அதற்குப் பிறகு எந்தப் பள்ளிச் சுற்றுலாவுக்கும் பிள்ளையை அனுப்பவில்லையாம்.

திரும்பி வந்த ரூபி நேராக முகாம் அலுவலகத்துக்குப் போய் அந்த ரிப்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "கீழ ரெண்டு கையெழுத்து இருக்கு அத்தை" என்றாள்.

இருக்கிறது. கனகா விழுந்த மறுநாள் காலையில் நீ வந்து, நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, என் முன்னால் நின்றாய். முகம் செத்துப்போயிருந்தது. நான் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். கூடப்பிறந்தவனை எப்படி விட்டுக்கொடுப்பது என்று அன்றைக்கு நினைத்தேன். யாரோ பெற்ற பிள்ளையை நாம் இரண்டு பேரும் சேர்ந்து இரண்டாம் தடவை விட்டுவிட்டு வந்தோம் என்று இப்போது தெரிகிறது. உன்மேல் வந்த கோபத்தில் பாதி யார்மேல் என்றும் தெரிகிறது. அதற்காக உன் பாதியை நான் குறைத்துக்கொள்வதாக இல்லை.

ரூபி அடுத்த பேட்ச்சில் மறுபடி முதலிலிருந்து வருகிறேன் என்கிறாள். வரட்டும். அந்தப் பேட்ச்சின் முதல் வகுப்பில் கனகா விழுந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன், உன் பெயர், என் பெயர் இரண்டையும் சொல்லி. அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை பூம்பாறைக்குப் போவேன். அந்த அம்மா கதவைச் சாத்தினால் வாசலில் நின்று சொல்வேன். நீ செய்ததைச் சொல்வேன், நான் செய்ததைச் சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன், அண்ணே.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உன்னை விட்டுக்கொடுக்காத தங்கை,
எஸ்தர்