உன் நாளின் வெயில்

என் கண்ணே,

கடிதமே எழுதாத நான் எழுதுகிறேன். இது என் கையெழுத்துதான், நம்பு!

மார்ச் பிறந்ததும் வழக்கம்போல ஊரே ஆளுக்கொரு நாளைத் தேர்ந்தெடுத்தது. அன்றைய வானிலை எப்படியோ, அவரவர் ஆண்டும் அப்படி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "அஞ்சாம் தேதி என் நாள், பாத்து எழுது" என்றாய். இன்று பார்த்தேன். மதியம் நல்ல வெயில். சட்டையைக் கழற்றிவிட்டு நம் தோட்டத்தில் வெங்காயம் நட்டேன். பிடுங்குவது உன் வேலை.

எழுத உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டு வேட்டா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"யோவ் கிழவா, காலையில பனி கொட்டுச்சே, சாயங்காலம் ஆலங்கட்டி விழுந்துச்சே, அதையும் எழுதினியா?"

"எழுதுறது நானா, நீயா? போடி!" என்றேன்.

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் நாள் நாளைக்குத்தான். முழுக்க வெயிலடித்தால் அதை நீ எடுத்துக்கொள். உன் பனியை எனக்குக் கொடு.

உன் வீட்டுக்காரன்