ஓடம் நின்ற பிறகும் ஒரு ஸ்டேஷன்

1937 பிப்ரவரி 11

மத்தியான வண்டியில் வந்து இறங்கியது ஒரு வெற்றிலை வியாபாரியும் அவர் இழுத்து வந்த ஒரு வெள்ளாடும். ஆட்டுக்கு டிக்கெட் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று என் வீட்டுக்காரர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஆடு என் அவரைக் கொடியில் பாதியைத் தின்றுவிட்டது.

கொன்னைத்துறைக் கரை ஸ்டேஷனுக்கு மாஸ்டர் சென்னிமலை. அவர் சம்சாரம் நான். தண்டவாளம் எங்கள் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் ஒரு மரக்கேட்டு, சரிவு, காவேரி. வண்டியில் வருகிறவர்கள் கேட்டைத் தாண்டி இறங்கி ஓடத்தில் அக்கரைக்குப் போக வேண்டும். அக்கரை ஆட்கள் ஓடத்தில் வந்து வண்டி ஏற வேண்டும். இதற்காகத்தான் ரயில் கம்பெனி இந்தக் கிளைப்பாதையையே போட்டது. ஓடத்துறையைக் குத்தகை எடுத்திருப்பவர் என் அண்ணன் அப்புசாமி. அந்தச் சம்பந்தத்தில்தான் என்னை இந்தத் தகரக் கொட்டகையில் கட்டிக்கொடுத்தார்கள்.

இரண்டு மைல் மேலே ஆற்றில் பாலம் கட்டுகிறார்கள். தூண் எழும்புவது இங்கிருந்தே தெரிகிறது. இவர் மட்டும் அந்தத் திசையைப் பார்ப்பதே இல்லை.

1937 பிப்ரவரி 14

ஊர் ஸ்டேஷன் மாஸ்டர் தீர்த்தகிரியின் மனைவி வந்திருந்தாள். எங்களுக்கு முந்தின ஸ்டேஷன் அவர்களுடையது. "உங்குளுது ஆத்தங்கர ஸ்டேஷன், எங்குளுது ஊருக்குள்ள இருக்குது, அதுக்கு ஒரு கொறையும் வராதுங்க" என்றாள். இரண்டு ஸ்டேஷனுக்கும் ஒரே ரயில்தான் வருகிறது என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

1937 ஆகஸ்ட் 20

அண்ணன் வந்தார். சில்க் ஜிப்பா, கக்கத்தில் புதுத் தோல் பை.

"பஸ்ஸு ஒண்ணு எடுத்துட்டனுங் மாப்பிள்ளை. பாலம் தொறந்தா சேலத்துல ஏறுனவன் அக்கரையிலதான் எறங்குவான். நடுவால வண்டி மாத்தறதில்ல, ஓடம் ஏறறதில்ல."

"அப்ப ஓடம்?" என்று இவர் கேட்டார்.

"ஓடத்த எவன் சீந்துவான்?"

குத்தகைக்காரரே ஓடத்தைக் குழியில் தள்ளுகிறார். அதைக் கூசாமல் மைத்துனரின் வீட்டில் உட்கார்ந்து, மைத்துனரின் மோரைக் குடித்துக்கொண்டே சொல்கிறார். இந்த மனிதருக்கோ கோபம்கூட வரவில்லை. "பஸ்ஸுல எத்தன பேரு உக்காரலாமுங்?" என்று கேட்கிறார்! ஒரு ஆண்பிள்ளை கேட்கிற கேள்வியா இது?

1938 ஜனவரி 30

பாலம் திறந்தாயிற்று. தோரணம், மேளம், அக்கரையிலும் இக்கரையிலும் பந்தி. இன்றைய வண்டி காலியாக வந்து காலியாகப் போனது. இவர் வழக்கம்போல மணி அடித்தார், வழக்கம்போலக் கொடி காட்டினார். யாருக்குக் காட்டினார்? எனக்கா?

1938 மார்ச் 9

ஊர்ப் பெரிய மனிதர்கள் எட்டுப்பத்துப் பேர் திரண்டு வந்தார்கள். ஸ்டேஷனை எடுத்துவிடக் கூடாது என்று கம்பெனிக்கு மனுப் போடுகிறார்களாம். பிளாட்பாரத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். "நம்ம ஊரு மானம்" என்றார் ஒருவர். "உசுரு போனாலும் உடமாட்டோம்" என்றார் இன்னொருவர். அத்தனை பேருக்கும் நான்தான் காப்பி போட்டேன்.

பேசி முடித்ததும் எல்லாரும் எழுந்து ரோட்டுக்குப் போனார்கள். அங்கே அண்ணனின் பஸ் நின்றுகொண்டிருந்தது. அதில்தான் வந்தார்களாம். அதிலேயே போனார்கள்.

நான் சிரித்தேன். இவர் சிரிக்கவில்லை. டம்ளர்களை எடுத்து உள்ளே வைத்தார்.

1938 ஜூன் 2

ஊர் ஸ்டேஷனை மூடிவிட்டார்கள். ஆத்தங்கரை முதலில் போகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் இங்கே என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற தொட்டி இருக்கிறது. அதற்காகத்தான் எங்களை விட்டுவைத்திருக்கிறார்கள். தொட்டிக்குக் காவலாக ஒரு மாஸ்டர், மாஸ்டருக்குச் சோறு போட ஒரு பெண்டாட்டி.

தீர்த்தகிரியின் மனைவி போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மாட்டு வண்டியில் அவர்களுடைய கட்டிலைத் தலைகீழாக ஏற்றியிருந்தார்கள். நாலு காலும் மேலே பார்த்தபடி போயிற்று.

1938 டிசம்பர் 25

வண்டி இனி வாரத்துக்கு மூன்று நாள்தான். மற்ற நாளும் சட்டை மாட்டிக்கொண்டு போய் உட்காருகிறார்.

1939 மே 16

அண்ணன் வந்து கூப்பிட்டார். பஸ் ஆபீசில் இவருக்கு வேலை தருகிறாராம்.

"என்ன வேலைங்க மச்சான்?"

"வேலையென்ன வேலை, டிக்கெட்டுக் கிழிக்கோணும், ஏத்தி எறக்கோணும். கவுருமெண்டு உத்தியோகமா தர முடியும்? நாம் பெத்த புள்ளையாட்டம் வளத்துனவ கஞ்சிக்கு அல்லாடக் கூடாதுன்னு பாக்கறேன்."

இவர் கொஞ்சம் யோசித்தார். "கம்பெனி என்னப் போகச் சொல்லுலீங்களே" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அவர் போன பிறகு நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். கம்பெனிக்கு உங்க பேராவது தெரியுமா, தொட்டியில நிக்கற பாசிக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். இவர் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் திருப்பித் திட்டினால் சண்டை என்றாவது சொல்லலாம். இது சுவரோடு பேசுகிற மாதிரி.

அண்ணன் சொன்னதும் எனக்குப் பிடிக்கவில்லை. கஞ்சிக்கு நான் என்றைக்கு அல்லாடினேன்? ஆனாலும் அவர் வீட்டில் நாலு ஆட்கள் வருவார்கள், போவார்கள். இங்கே நீரும் மணலும். பிள்ளை குட்டி இருந்தாலாவது சத்தம் இருக்கும், அதுவும் இல்லை.

அக்கரையில் அண்ணன் வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆற்றில் புதுத் தண்ணீர் வருவதற்குள் அண்ணனிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

1939 ஜூலை 27

சேற்றுப் புடவையைக்கூட மாற்றவில்லை. எழுதிவிட்டுத்தான் மற்ற வேலை.

மூன்று நாளாகக் காவேரி இரண்டு கரையும் புரண்டு ஓடுகிறது. இன்று காலை பாலத்துக்கு இந்தப் பக்கத்து ரோட்டு மேடு உடைந்துபோயிற்று. பஸ் போக வழியில்லை. அண்ணன் என்ன செய்தார்? பஸ்ஸை ஆட்களோடு எங்கள் துறைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். அவரே விற்றது போக ஒரு ஓடம்தான் மிச்சம், அடிப்பலகை கறுத்துப்போன பழையது. அதைத் தள்ளச் சொல்லி ஓடக்காரன் சடையனைப் பிடித்து வந்திருந்தார். ஆட்களை அக்கரை சேர்க்காவிட்டால் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே.

என்னைப் பார்த்ததும், "பொட்டிய எடு அம்மணி, ரண்டு பேரும் ஒட்டுக்காப் போயிரலாம். நீயும் எத்தன நாளாச் சொல்லிக்கிட்டிருக்கறே" என்றார்.

எடுத்தேன். இவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நேரே போய் மரக்கேட்டைச் சாத்தி, சங்கிலி போட்டு, அதற்கு முன்னால் நின்றார். கையில் சிவப்புக் கொடி. வண்டியே இல்லாத நாளில்!

"இது கம்பெனி கேட்டுங்க. இந்தத் தண்ணியில ஓடம் போகக் கூடாது."

பஸ்ஸில் வந்தவர்கள் சிரித்தார்கள். "ஆத்துக்கே கொடி காட்டறாரு பாரு மாஸ்டரு" என்று ஒருவன் கத்தினான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வழிய உடுங் மாப்பிள்ளை. உங்க தரித்திரச் சீத்துவத்துக்கு என் தங்கச்சியையும் சேத்துப் புடிச்சு வெக்காதீங்க" என்றார்.

அப்போதுதான் இவர் என்னிடம் பேசினார்.

"முத்தாயி, நீ போறதுன்னாப் போ. நான் தடுக்குல. தண்ணி வத்துட்டும், நானே கொண்டாந்து உடறேன். இன்னைக்கு இந்த ஓடத்துல ஏறாத."

ஆட்கள் வேலியைப் பிரித்துக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். நானும் அண்ணன் பின்னால் இறங்கினேன். ஓடத்தில் கைக்குழந்தைக்காரிகள், மூட்டைகள், ஒரு கிழவனார். நிற்க இடமில்லை. சடையன் யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க மொதல்ல ஏறுங்கண்ணா, உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றேன்.

"நான் எங்கம்மணி வாரது? பஸ்ஸு இங்க கெடக்குதுல்ல. நீ ஏறு சாமி, சடையன் பாத்துக்குவான்."

"உங்க பையையாவது குடுங்க, நான் கொண்டுபோயி அண்ணிகிட்டக் குடுத்தர்றேன்."

தோல் பையைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார். "பையி எங்கிட்டயே இருக்கட்டும்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார். தங்கையை ஏற்றலாம், கைக்குழந்தைகளை ஏற்றலாம், பையை ஏற்றக் கூடாது. சீ!

பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி வந்தேன். சேற்றில் இரண்டு தரம் வழுக்கியது. கேட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இவர், "பொட்டிய வாங்கிக்கட்டுமா?" என்றார்.

"கேட்டப் பாருங்க" என்றேன்.

ஓடம் போய்விட்டது. சுழலில் ஒரு தரம் முழுக்கத் திரும்பியது. அப்புறம் மழையில் தெரியவில்லை.

1939 ஜூலை 28

ஓடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாம். அரை மைல் கீழே ஒதுங்கி, ஒரு உயிருக்கும் சேதமில்லை. நல்லது. அந்தக் குழந்தைகளை நினைத்து நேற்று ராத்திரி நாலு தரம் எழுந்துபோய் ஆற்றைப் பார்த்து வந்தேன்.

ஆனால் ஊர் முழுக்க இவர் பேச்சுத்தான். பால்காரி செல்லாயி வாசலில் நின்றே சிரிக்கிறாள். "ஆத்துக்குக் கொடி காட்டுனாருங்களாமா?" ஓடம் கவிழ்ந்திருந்தால் இதே வாய்கள் இவரைத் தெய்வம் என்று சொல்லியிருக்கும். கவிழாததால் கோமாளி. இவ்வளவுதான் இவர்களுடைய நியாயம்.

"பாலை ஊத்திட்டுக் கெளம்பு" என்றேன். நாளையிலிருந்து வேறு ஆளிடம் வாங்கிக்கொள்ளலாம்.

1939 ஆகஸ்ட் 19

பயணிகளிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதற்கு விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஓலை. அண்ணன் மனு எழுதிப் போட்டிருக்கிறார். ரயிலில் ஏறாத பயணிகள், ரயில்வேக்குச் சொந்தமில்லாத ஓடம். இதற்கு விளக்கம் கேட்கிற கம்பெனிக்காகத்தான் இவர் இத்தனை வருஷம் சட்டைப் பொத்தானைத் துலக்கினார்.

பதில் எழுதத் தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் வாங்கி எழுதினேன். கையெழுத்து மட்டும் அவருடையது.

1939 செப்டம்பர் 10

தண்ணீர் வற்றிவிட்டது. "உங்கண்ணமூட்டுக்கு எப்பப் போகோணும்னு சொல்லு, கொண்டாந்து உடறேன்" என்றார். சொன்ன வார்த்தையை இத்தனை நாளாக ஞாபகம் வைத்திருந்து கேட்கிறார், மடையர்.

"அவரைக்குப் பந்தல் போடோணும், கழி வெட்டியாங்க" என்றேன்.

1941 நவம்பர் 3

சண்டைக்கு இரும்பு வேண்டுமாம். கிளைப்பாதை முழுவதையும் பெயர்த்து எடுக்கிறார்கள். கூலியாட்கள் வாசலிலேயே கடப்பாரை போடுகிறார்கள். மனுப் போட்ட பெரிய மனிதர்களில் ஒருவர் வந்தார். எனக்குக்கூட ஒரு நிமிஷம் ஆச்சரியம். தண்டவாளத்தடிக் கட்டைகள் விலைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்க வந்தாராம்.

இவரை ஆத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு மாற்றியிருக்கிறார்கள். அண்ணன் ஆள் அனுப்பினார், என்னை மட்டும் வரச் சொல்லி. வந்தவனுக்குச் சோறு போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

1943 ஜனவரி 21

இந்த ஊர்ப் பேச்சு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் 'ங்க' போட்டுப் பேசினால் கடைக்காரர்கள் கேலி செய்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவு.

இன்று அண்ணன் வந்தார். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு மாட்டியிருக்கிறாராம். ஏற்றத்தில் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டுமாம். இப்போது நிலக்கடலை வியாபாரம். இந்தப் பக்கத்தில் வாங்கிப் போட்ட மூட்டைகள் இங்கேயே கிடக்கின்றன. சென்னைக்கு அனுப்ப ரயிலில் ஒரு சரக்கு வாகன் வேண்டும், உடனே வேண்டும்.

"உங்குளுக்கு முந்தி கேட்டவங்க இருக்கறாங்க மச்சான். உங்க மொறை வாரப்பத் தர்றனுங்" என்றார் இவர்.

அண்ணன் சமையல்கட்டுக்கு வந்தார். "நீயாச்சுஞ் சொல்லம்மணி. உங்கூடப் பொறந்தவனுக்கு இதுகூடச் செய்யாட்டி என்ன மனுசன் அவன்?"

"இலை போட்டிருக்குது, சாப்புடுங்கண்ணா" என்றேன். இரண்டு தரம் ரசம் ஊற்றினேன். கை கழுவியவர் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

பொழுது சாய்ந்து இவர் சாப்பிட வந்தார். "உங்கண்ணனுக்கு வருத்தமா?" என்று கேட்டார்.

"இருந்தா இருந்துட்டுப் போகுது. ஆறிப்போகுது, சோத்தப் பாருங்க" என்றேன்.