என் முட்டியை வைத்து ஒரு வேண்டுதல்

மார்ச் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கைலி எதுவும் காயவில்லை. லயத்துப் பின்பக்கக் கால்வாய் நிரம்பி, பக்கத்து வீட்டுப் பாக்கியத்தின் வாசல் வரை தண்ணீர்.

ஆஸ்பத்திரிக்கு எடுத்து வைக்க வேண்டியவை: கைலி, துண்டு, பல்பொடி, மைலோ டின், ஐ.சி. அட்டை, விபூதிப் பொட்டலம். வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் தைக்க வேண்டும். பழைய செருப்பே போதும். புதுசு எதற்கு, நடக்கவா போகிறேன்.

வலது முட்டி. அடுத்த வாரம் புதன்கிழமை ஆபரேஷன். போன மாதம் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்போடு எலும்பு உரசுகிறதாம். தேய்ந்ததை வெட்டி எடுத்துவிட்டு இரும்பும் பிளாஸ்டிக்கும் வைப்பார்களாம். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன், மலைக்காட்டில் என்றேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார், எல்லாருக்கும்தான் மலை இருந்தது என்று.

பொய். மற்றவர்களுக்கு வருஷா வருஷம் வெட்டுகிற மரவரிசை, நிரை, மாறும். மேட்டில் வெட்டினவள் அடுத்த வருஷம் ரோட்டோரத்தில் வெட்டுவாள். இவர் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மண்டோர் ஆன நாள் முதல் என் நிரை மட்டும் மாறவே இல்லை. பெண்டாட்டிக்குச் சலுகை காட்டுகிறான் என்று யாரும் பேசிவிடக் கூடாதாம். மழையில் வழுக்குகிற அந்தச் சரிவில் இரண்டு கையிலும் பால் வாளியோடு இறங்கினது நான். நேர்மையான மண்டோர் என்று பெயர் வாங்கினது அவர்.

இதெல்லாம் அவர் படிக்க மாட்டார். பேப்பரிலேயே தலைப்புக்கு மேல் படிக்க மாட்டார்.

மார்ச் 12, செவ்வாய்

வார்டு. ஜன்னலோரப் படுக்கை. சோற்றில் உப்பே இல்லை.

சாயந்திரம் நர்ஸ் மிஸ்ஸி வந்து நகையெல்லாம் கழற்றச் சொன்னாள். தோடு, வளையல் சரி. தாலி என்றதும் இவர் எகிறிக் குதித்தார். அவளுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குக் கோபம் வந்தால் மலாய் வராது. வார்டே வேடிக்கை பார்த்தது. கடைசியில் மஞ்சள் கயிற்றில் மாற்றி, பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று முடிந்தது. முட்டியைப் பற்றி டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்காத மனுஷன், தாலிக்கு இவ்வளவு நேரம் வாதாடினார்.

போகும்போது பயப்படாதே, எல்லாம் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றார். ஒரு மாதிரிச் சிரிப்பு. என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லையாம்.

நாளை காலை. பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 15, வெள்ளி

எழுத்து கோணல். மருந்து மயக்கம். கால் என்னுடையது மாதிரி இல்லை, யாரோ படுக்கையில் போட்டுவிட்டுப் போன மரக்கட்டை. மரக்கட்டைக்கு வலிக்காது. இது வலிக்கிறது.

எக்சர்சைஸ் சொல்லித்தருகிற மலாய்க்காரப் பெண் காலையிலேயே வந்துவிடுகிறாள். “பெங்கோக், மக்சிக், பெங்கோக்.” மடக்கு அத்தை மடக்கு என்று அவள் பிடித்து மடக்க, நான் தமிழில் திட்ட, அவள் சிரிக்க. நல்ல பெண். திட்டியதைக் கேட்டுக்கொண்டே தலையணையைச் சரியாக வைத்துவிட்டுப் போகிறாள்.

இரண்டு அடி நடந்தேன், நடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டு. அழுதேன். வலியால்தான்.

மார்ச் 17, ஞாயிறு

பார்வையாளர் நேரம். இவர், மகள் கலா, மாப்பிள்ளை, பாக்கியம். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், பாக்கியம் கொண்டுவந்த ஹாருவான் மீன் சூப். புண் ஆறுமாம். ஆறட்டும்.

கலா களைத்துத் தெரிந்தாள். நாலாம் மாதம். கல்யாணமாகி எத்தனை வருஷம் காத்திருந்து தங்கிய கரு. பேருந்தில் வராதே என்று சொன்னால் கேட்கவில்லை.

பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அம்மா கண்ணத் தொறந்துட்டா அஞ்சல. வேண்டுதல் வீணாப் போகல பாரு.”

என்ன வேண்டுதல்?

இவர் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தார். கலாதான் சொன்னாள். ஆபரேஷனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, தோட்டத்துக் கோயிலில், பூசை முடிந்து எல்லாரும் நிற்கும்போது, இவர் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி வேண்டிக்கொண்டாராம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கலாவுக்குப் பிள்ளையும் நல்லபடியாகப் பிறக்க வேண்டும். அதற்காக வைகாசித் திருவிழாவில் என் சம்சாரம் ஆற்றங்கரையிலிருந்து வெறுங்காலோடு பால்குடம் எடுப்பாள்.

என் சம்சாரம். நான்.

பெண்கள் குலவை போட்டார்களாம். கோயில் தலைவர் ஆயிற்றே. தலைவர் வேண்டினால் குலவை போடத்தானே வேண்டும்.

ஏன் நீங்களே எடுப்பதாக வேண்டிக்கொள்ளவில்லை என்று கேட்டேன். திருவிழா அன்று தலைவர் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்க வேண்டுமாம்.

ஆரஞ்சு வேண்டாம் என்றேன்.

மார்ச் 18, திங்கள்

ராத்திரி தூக்கமில்லை. வலியால் பாதி, கோபத்தால் பாதி. என்னைக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடு நேர்ந்துவிடுகிறவன் ஆட்டைக் கேட்பானா. அப்படித்தான்.

இன்று வந்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

வீடு. தையல் பிரித்தாயிற்று. ரோட்டில் இருக்கிற குழி ஒவ்வொன்றும் முட்டிக்குள் வந்து போனது.

கக்கூஸ் பெரிய பாடு. குந்தவே கூடாது. மாப்பிள்ளை பழைய மர நாற்காலியில் நடுவே ஓட்டை போட்டுக் கொண்டுவந்தார். பின்கட்டில் அதைப் பார்த்ததும் இவருக்கு வெட்கம், சாக்கைப் போட்டு மூடுகிறார். ஊரைக் கூட்டி என் காலை நேர்ந்துவிடும்போது வராத வெட்கம்.

வாங்க வேண்டியது: பனடோல், நடைக்கம்பிக்கு ரப்பர் முனை, சீயக்காய்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மூன்று வேளையும் எக்சர்சைஸ். வீக்கம் குறைகிறது. வாசல் வரை போய் வந்தேன். கோழி முட்டையிடுகிற இடத்தைக் கண்டுபிடித்தேன், மண்வெட்டிக்குப் பின்னால்.

பார்க்க வருகிற எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, திருவிழாவுக்குள் நடந்துவிடுவாயா. வலிக்கிறதா என்று கேட்பவர் யாருமில்லை.

கலா வந்தாள். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் மாமியார் தினமும் நச்சரிக்கிறாளாம். வேண்டிக்கொண்டு செய்யாமல் விட்டால் வயிற்றில் இருப்பதற்குத்தான் ஆகும் என்று.

“கொஞ்ச தூரம் மட்டும் நடம்மா. மீதிக்கு யாராவது கைத்தாங்கலா வருவாங்க. எனக்காகம்மா.”

மகள் இப்படிக் கேட்டால் தாய் என்ன சொல்வாள். எழுந்து உள்ளே போகக்கூட முடியவில்லை, நடைக்கம்பி எட்டவில்லை. சரி பார்க்கலாம் என்றேன். அவள் போன பிறகு இவரைப் பார்த்துக் கத்தினேன். பாக்கியம் ஓடிவந்து பார்க்கிற அளவுக்கு.

எனக்கும் பயம் இருக்கிறது. அம்மனுக்கு நான் பயப்படவில்லை என்று எழுதினால் அது பொய். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஊர் முழுக்க என் காலைத்தான் பார்க்கும்.

ஏப்ரல் 23, செவ்வாய்

வெயில். ரம்புத்தான் பூத்திருக்கிறது. தடி பிடித்து நடக்கிறேன், நடைக்கம்பியை மூலையில் போட்டாயிற்று.

மே 7, செவ்வாய்

செக்கப். படம் எடுத்தார்கள். நன்றாக உட்கார்ந்திருக்கிறதாம் முட்டி. டாக்டரிடம் கேட்டேன், வெறுங்காலோடு செம்மண் ரோட்டில், தலையில் குடம் வைத்து, ஆற்றிலிருந்து கோயில் வரை நடக்கலாமா. அவர் வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். இல்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார். விழுந்தால் மறுபடி திறக்க வேண்டி வரும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

வரும் வழியில் ரந்தாவ் டவுன் கடையில் டீ குடிக்கும்போது இவரிடம் சொன்னேன். டாக்டருக்கு அம்மனைப் பற்றி என்ன தெரியும் என்றார். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே. குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

அப்போதுதான் முடிவு செய்தேன்.

மே 12, ஞாயிறு

சாயந்திரம் கோயிலில் திருவிழாக் கூட்டம். நான் வருவேன் என்று இவர் எதிர்பார்க்கவில்லை. பாக்கியம் நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். தரையில் உட்கார முடியாது. அம்மன் எதிரே நாற்காலியா என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

பந்தல், ஒலிபெருக்கி, அன்னதானம் எல்லாம் பேசி முடித்து, பால்குடம் எடுப்பவர்கள் பெயரை இவரே வாசித்தார். முதல் பெயர் என்னுடையது. குரலில் பெருமை வேறு.

எழுந்தேன். எல்லாரும் தலையைத் திருப்பினார்கள். பூசாரியிடம் கேட்டேன், கற்பூரம் ஏற்றினவர் ஒருவர், நடப்பவர் இன்னொருவர் என்று எங்காவது உண்டா. பூசாரி தலைவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“தாய்க்குச் சொன்னது தாய்க்கு வந்து சேந்தாப் போதும். யாரு தூக்குனா என்ன, வீட்டுல ஒருத்தரு தூக்குனாச் சரி.”

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை.

“வேண்டிக்கிட்ட வாய் உங்களோடது. நடக்கிற காலும் உங்களோடதாவே இருக்கட்டும். பேர மாத்தி எழுதுங்க.”

தோட்டத்தில் இத்தனை வருஷத்தில் அவரை நான் நாலு பேர் முன்னால் எதிர்த்துப் பேசியதில்லை. பின்வரிசையில் யாரோ பெண் சிரித்தாள். அது போதும் அவருக்கு. மாட்டேன் என்று சொல்ல முடியாது, சாமி காரியம். செயலாளர் என் பெயரை அடித்தார்.

மே 19, ஞாயிறு

ஒரு வாரமாக இவர் பேசவில்லை. விரதம் இருக்கிறார், மீன் கிடையாது, எனக்கும் அதனால் கிடையாது. கலா போன் பண்ணவில்லை. பாக்கியம் வீட்டு போனில் நானே கூப்பிட்டேன். மாமியார் எடுத்தாள், கலா தூங்குகிறாள் என்றாள். பின்னால் கலா குரல் கேட்டது.

மடக்க முடிகிறது இப்போது. பெங்கோக், பெங்கோக்.

மே 26, ஞாயிறு

திருவிழா. மேகமே இல்லாத வெயில். சிரம்பானிலிருந்தும் பெடாஸிலிருந்தும் வேன் வேனாக ஜனம். கலா வந்திருந்தாள், வயிறு தெரிகிறது. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். என் நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டாள்.

உறுமிச் சத்தம் முதலில், பிறகு ஊர்வலம். கடைசி ஆளாக இவர். மஞ்சள் வேட்டி, சட்டை இல்லை, தலையில் குடம். வாழ்நாள் முழுக்க பூட்ஸ் போட்டுக் காட்டில் நடந்த கால். குதிகால் தரையில் படாமல் நொண்டி நொண்டி வந்தார். பாதிப் பால் தோளில் வழிந்திருந்தது.

கோயில் வாசலில் பால்குடம் எடுத்தவர் காலுக்கு அவரவர் வீட்டுப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம். கலா செம்பை என் கையில் கொடுத்தாள். எல்லாரும் பார்க்கிறார்கள். எழுந்து நின்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, செம்பைப் பார்த்தார். இரண்டு பாதமும் கொப்புளம். இடது கட்டைவிரலில் ரத்தம். பாவமாக இருந்தது. இல்லை என்று எழுத மாட்டேன்.

ஊற்றினேன். மெதுவாக, இரண்டு காலிலும் படும்படி.

“தொட்டுக் கும்புடு லா அஞ்சல,” என்றாள் பாக்கியம்.

குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. ஆமாம் ஆமாம், பாவம் என்றார்கள். அவரும் தலையாட்டினார்.

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை.